ஆமாக்கா

துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஒரு பெவிலியனில் எங்களுக்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். அதில் பாதி என் மொழிபெயர்ப்புக்கே போய்விடும். மைக்கை வாங்கியதும், மீனவ ஊரிலிருந்து பேச வந்திருந்த அக்கா, நாங்கள் எழுதிக்கொடுத்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இத்தன பேரு பிளேன் ஏறி வந்திருக்கீங்க. அந்தக் காசுல எங்க ஊருக்கு ஒரு தூண்டில் வளைவு கட்டியிருக்கலாம்ல?"

கடலரிப்பால் வீடிழக்கும் மீனவர்களுக்கு, காலநிலை மாற்றத்தைத் தாங்கி வாழ உதவும் தகவமைப்பு நிதி விரைவாக, நேரடியாகக் கிடைக்க வேண்டும் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கை தட்டினார்கள்.

"நான் சொன்னதுக்கா தட்டுறாங்க தம்பி?"

"ஆமாக்கா."

ஏன் அப்படிச் செய்தேன்? தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு. அதைக் கட்டினால் மணல் அங்கேயே தங்கி, வடக்கே இருக்கும் ஊரைக் கடல் அரிக்கும். விவரம் தெரிந்தவர் எவராவது அதைப் பிடித்துக்கொண்டு அக்காவை மடக்கியிருப்பார். அவரைக் காப்பாற்றத்தான் மாற்றினேன். இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். முன்வரிசையில் எங்கள் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்ததும் உண்மை.

2021இல் கிளாஸ்கோவில் நடந்த இதே மாநாட்டின் ஒப்பந்தத்தில் நிலக்கரியை 'ஒழிப்போம்' என்றிருந்த வரி கடைசி நேரத்தில், அதுவும் இந்தியா கேட்டு, 'குறைப்போம்' ஆனது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டுக் கண் கலங்கினார். டிவியில் பார்த்துக் கேலி செய்தவன் நான். எனக்கு அந்த வேலைக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அதற்காக மாநாடே வீண் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஏழை நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009இல் கோபன்ஹேகனில் சொன்னார்கள். அந்தத் தொகை எட்டப்பட்டது 2022இல்தான். ஆனால் தீவு நாடுகள் 1991லிருந்து கேட்டுவந்த இழப்பீடு, இழப்பு மற்றும் சேத நிதியாகத் துபாயில் முதல் நாளே, 2023 நவம்பர் 30 அன்று, நடைமுறைக்கு வந்தது. எழுந்து நின்று கை தட்டினோம். மாநாடு முடிவதற்குள் வாக்களிக்கப்பட்டது சுமார் 70 கோடி டாலர். உலகத்துக்கு அது எம்மாத்திரம்! ஆனாலும் முப்பது வருடம் விடாமல் கேட்டதால்தானே அதுவாவது வந்தது? கேட்டவர்களின் பேச்சை யாரோ ஒருத்தர் பதமாக்கிக் கொடுத்ததால்கூட இருக்கலாம். அல்லது பதமாக்கியதால்தான் முப்பது வருடம் ஆனதோ என்னவோ.

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தார்.

"தம்பி, அன்னிக்குக் கை தட்டுனாங்களே, அவங்க ஏதும் லெட்டர் போட்டாங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.