தேடும்போது கம்ப்யூட்டர் தேடுறதே இல்ல

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வரி தேவப்பட்டுச்சு. பல வருசத்துக்கு முன்னாடி ஏதோ படிச்சப்ப நோட்டுல எழுதி வச்சது, மறதியப் பத்தின வரி (அதப் போய் மறந்துட்டேன், சிரிக்காதீங்க). நோட்டு இப்ப இல்ல. எடத்த அடைக்குதுன்னு நாலு நோட்டையும் பக்கம் பக்கமா போன்ல போட்டோ புடிச்சு, ஒரு ஃபோல்டர்ல போட்டு, ரெண்டு எடத்துல பேக்கப்பும் எடுத்துட்டு, பெரிய கெட்டிக்காரன் மாதிரி நோட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப ஃபோல்டரத் தொறந்தா 412 போட்டோ, எல்லாத்துக்கும் பேரு வெறும் தேதியும் நம்பரும். ஒண்ணு கூட கெடல, அத்தனையும் பத்திரம். வரி மட்டும் கெடைக்கல.

சேத்து வைக்கிறது இப்பல்லாம் ஒரு வேலையே இல்ல. 1956ல ஐபிஎம் கொண்டு வந்த மொத ஹார்ட் டிஸ்க்குல ரெண்டடி அகலத்துல 50 தட்டு, பீரோ மாதிரி நிக்கும், மொத்தம் 50 லட்சம் எழுத்துதான் புடிக்கும். என் நோட்டுல ஒரு பக்கத்தோட போட்டோ இன்னிக்கு கிட்டத்தட்ட அவ்ளோ எடம் எடுக்குது. வேடிக்க என்னன்னா அந்த போட்டோக்குள்ள எழுத்துன்னு ஒண்ணு கூட கெடையாது. எனக்குத்தான் அது எழுத்து, கம்ப்யூட்டருக்கு அது வெறும் கலர் கணக்கு, இந்தப் புள்ளி கொஞ்சம் நீலம், அடுத்தது கொஞ்சம் வெளுப்பு, இப்டியே லட்சக்கணக்குல. அதுவே "மறதி"ன்னு டைப் அடிச்சிருந்தா ம, ற, த, அப்றம் மேல வர்ற கொக்கி, ஆக 4 குறியீடு, எழுத்தச் சேத்து வைக்கிற யூடிஎஃப்-8ங்குற முறைல 12 பைட்டு. 12 பைட்டுல கைக்கு எட்டுற மாதிரி வைக்க வேண்டியத, பல லட்சம் பைட்டு செலவழிச்சு எட்டாத மாதிரி வச்சிருக்கேன்.

நாம தேடுற கட்டத்துல ஒரு வார்த்தையப் போட்டு எண்டர் தட்டினதும் கம்ப்யூட்டர் ஓடி ஓடி எல்லாப் பக்கத்தையும் பொரட்டுதுன்னு தான் நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன். பொரட்டுற வேலையெல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும். புஸ்தகத்துக்குப் பின்னாடி சொல்லடைவுன்னு போடுவாங்கல்ல, இந்தச் சொல் இந்தந்தப் பக்கத்துலன்னு, அதே தான். ஒரு பக்கம் உள்ள வரும்போதே அதுல இருக்குற வார்த்தையெல்லாம் உதிர்த்து, ஒவ்வொண்ணுக்கு நேராவும் பக்க நம்பரக் குறிச்சு, அகராதி மாதிரி அடுக்கி வச்சிரும். அப்றம் நாம கேட்டா, அந்தப் பட்டியல நடுவுல தொறந்து முன்னாடியா பின்னாடியான்னு பாத்து பாதியத் தள்ளும், மீதில மறுபடி பாதியத் தள்ளும். 10 லட்சம் சொல்லு இருந்தா 20 தடவ தள்ளுனா போதும். 100 கோடி இருந்தாலும் 30 தடவ தான், இத மொத தடவ கணக்குப் போட்டுப் பாத்தப்ப எனக்கு நம்பிக்க வராம திரும்பப் போட்டேன். டிஸ்க்குல ஒவ்வொரு தடவ எட்டிப் பாக்குறதும் நேரம் புடிக்குற வேலங்குறதால, 1970ல விமானம் செய்ற போயிங் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல பேயரும் மெக்ரைட்டும் பி-ட்ரீன்னு ஒண்ணு யோசிச்சாங்க, ரெண்டா பிரிக்கிறதுக்கு பதிலா நூத்துக்கணக்குல கெளை விட்ட மரம், நாலஞ்சு எட்டுல வேல முடிஞ்சிரும். இன்னிக்கும் பெரும்பாலான டேட்டாபேஸ் அந்த மரத்து மேல தான் உக்காந்திருக்கு.

ஆக வைக்கும்போது யாரோ படுற பாட்டத்தான் தேடும்போது வேகம்னு சொல்லிக்கிறோம். நான் பாடே படலியே, எங்கேந்து வரும்.

டெலீட் பண்றதும் இதே கத தான். பழைய ஹார்ட் டிஸ்க்குல ஒரு ஃபைல அழிச்சா சரக்கு அங்கயே தான் கெடக்கும், அது எங்க இருக்குங்குற முகவரியத்தான் கிழிச்சுப் போடுவாங்க, மேல வேற எதாவது எழுதுற வரைக்கும். அப்டிப் பாத்தா என் 412 போட்டோவும் டெலீட் ஆன மாதிரி தான்.

சரி, டைப் அடிச்சே வச்சிருந்தா கெடைச்சிருமான்னா, அதுல நம்ம பாஷைக்கு தனிக் கூத்து இருக்கு. "மரம்"னு தேடுறோம், பக்கத்துல "மரத்துல", "மரங்கள", "மரமா"ன்னு இருக்கு. அடைவப் பொறுத்தவர இதெல்லாம் வேற வேற சொல்லு. நமக்கு "போயிருந்திருக்கலாமே"ன்னு ஒரு பெருமூச்சே ஒத்த வார்த்தைக்குள்ள அடங்கிரும், அதப் பிரிச்சு "போ"ன்னு கண்டுபுடிச்சு ஏத்தி வச்சாத்தான் ஆகும். இது போதாதுன்னு நான் எழுதுற மாதிரி பேச்சுத்தமிழ் வேற, "வைத்தேன்"னு தேடுறவங்களுக்கு என் "வச்சேன்" சிக்கவே சிக்காது. இன்னொரு கொடும, "கொ" இருக்குல்ல, அதோட ஒகரக் குறிய யூனிகோட்ல (எல்லா பாஷை எழுத்துக்கும் நம்பர் குடுக்குற பொது ஏற்பாடு) ஒரே குறியீடாவும் போடலாம், ஒத்தக்கொம்பு தனியா கால் தனியான்னு ரெண்டாவும் போடலாம். ஸ்க்ரீன்ல பாத்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு தான், உள்ள வேற. ரெண்டையும் ஒண்ணாக்காம ஏத்திட்டா "கொடி"ன்னு கண்ணு முன்னாடி இருக்கும், தேடுனா அப்டி ஒண்ணு இல்லவே இல்லன்னு சாதிக்கும். யூனிகோடுக்கு முன்னாடி பழைய ஃபான்ட்டுல அடிச்ச ஃபைலப் பத்தி நான் பேசவே விரும்பல, அந்த ஃபான்ட்டு இல்லாத மிஷின்ல தொறந்து பாத்தவங்களுக்குத் தெரியும்.

சொல்லு கெடைச்ச பக்கம் ஆயிரம் இருந்தா எத மொதல்ல காட்டுறது? இதுக்கு 1972ல கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்னு ஒரு பிரிட்டன் அம்மா சொன்ன யோசன எனக்கு ரொம்பப் புடிக்கும். ஒரு சொல்லு எவ்ளோ கம்மியான பக்கத்துல வருதோ அவ்ளோ அதுக்கு மதிப்பு குடுங்குறாங்க. "அந்த", "ஒரு"வெல்லாம் எல்லாப் பக்கத்துலயும் நிக்கும், அதுங்கள சாட்சிக்குக் கூப்ட்டு பிரயோஜனம் இல்ல. "மறதி" ரெண்டே பக்கத்துல வந்தா அது நல்ல சாட்சி. 1998ல கூகுள்காரங்க வந்து எந்தப் பக்கத்த நெறைய பேரு கை காட்டுறாங்க, கை காட்டுறவங்க யாருன்னும் சேத்துப் பாத்தாங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கத. ஆனா அந்த அம்மா சொன்னது தான் எனக்கு உசத்தி, ஒரு வரில புரியுது, இத்தன வருசமாவும் ஓடுது.

கை காட்டுறதுன்னதும் வெப் ஞாபகம் வருது. சேர்ன்னு ஜெனீவா பக்கத்துல இருக்குற இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்துல ஆளுங்க ரெண்டு வருசம் வேல பாத்துட்டுப் போயிருவாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சதும் கூடவே போயிரும், இந்தத் தொல்லைக்குத்தான் 1989ல டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்டம் எழுதிக் குடுத்தாரு. அதுல லிங்க்குங்கறது ஒரு பக்கமா தான் போகும், நான் உங்க பக்கத்தச் சுட்டுறதுக்கு உங்ககிட்ட கேக்க வேண்டியதில்ல, உங்களுக்குத் தெரியக்கூட வேண்டியதில்ல. 1993 ஏப்ரல்ல சேர்ன் இத யார் வேணா சும்மாவே எடுத்துக்கலாம்னு விட்டதும் காட்டுத்தீ மாதிரி பரவுனதுக்கு இந்தக் கேள்வி கேக்காத லிங்க்கும் ஒரு காரணம். ஆனா அதே காரணத்தால நீங்க உங்க பக்கத்தத் தூக்கிட்டாலும் எனக்குத் தெரியாது, என் லிங்க்கு பாட்டுக்கு ஆளில்லாத வீட்டக் காட்டிட்டே நிக்கும்.

வீடு இருந்தும் சாவி இல்லாம போறதும் உண்டு. 1086ல இங்கிலாந்துல எடுத்த நெலக் கணக்கோட 900வது வருசத்துக்கு, 1986ல பிபிசி நாட்டப் பத்தி புதுசா ஒரு தொகுப்பு பண்ணி லேசர்டிஸ்க்குங்குற பெரிய தட்டுல போட்டாங்க. பதினஞ்சு வருசம் தான், படிக்கிற மிஷின் அரிதாகி அத மீட்கவே தனியா பாடுபட வேண்டியதா போச்சு. 1086ல தோல்ல எழுதுனத இப்பவும் கண்ணால படிக்கலாம்.

என் போட்டோவெல்லாம் கையெழுத்தப் படிக்கிற ஒரு ஆப்ல போட்டுப் பாத்தேன். என் கையெழுத்துக்கு அது "மறதி"ய "மாதி"ன்னு படிக்குது, அத நான் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்கே அப்டித்தான் தெரியுது. இப்பல்லாம் சொல்ல விட்டுட்டு அர்த்தத்தையே நம்பர் வரிசையா மாத்தி வச்சு, "மறதி"ன்னு கேட்டா "ஞாபகம் இல்ல"ன்னு எழுதுன பக்கத்தையும் அர்த்தம் கிட்டத்துல இருக்குதுன்னு எடுத்துக் குடுக்குறாங்க, நெஜமாவே நல்லா இருக்கு, ஆனா அதுக்கும் மொதல்ல பக்கத்த ஒழுங்காப் படிச்சு அந்த நம்பரப் போட்டு வைக்கணும்.

அதனால தெனம் ராத்திரி உக்காந்து ஒவ்வொரு போட்டோக்கும் ஒரு வரி டைப் அடிக்கிறேன். 137 முடிஞ்சுது. இதுல கஷ்டம் என்னன்னா பக்கத்துல என்ன இருக்குன்னு எழுதுனா பத்தாது, நாளைக்கு நான் எந்தச் சொல்லப் போட்டுத் தேடுவேன்னு இன்னிக்கே யோசிச்சு எழுதணும். அந்த வரி இன்னும் வரல. நேத்து வந்த பக்கத்துல பெருசா கட்டம் கட்டி, செவப்புல அடிக்கோடு போட்டு, "மறதி பத்தி: பாக்க, பழைய நோட்டு, 46ம் பக்கம்"னு எழுதி வச்சிருக்கேன். நாலுமே இப்ப பழைய நோட்டு தான்.