பத்தாவது குண்டும் இறங்க வேண்டும்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில், பழைய பாணித் துப்பாக்கிகள் செய்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கிறேன். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்து, சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும் வகை. கோவையில் லேத்தில் பழகிய கை என்பதால் குழல் வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசியில் வரும் வேலை. முடிந்த துப்பாக்கிக்கு எந்தக் குண்டு, எந்தத் துணி என்று சுட்டுப் பார்த்து, சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ரைஃபிளில் உள்ளே வரிப்பள்ளம் இருக்கும். அது குண்டைச் சுழற்றி விடும். வழவழப்பான குழலில் அந்த உதவி இல்லை. குழலுக்குள் இடமிருந்தால் குண்டு இருபுறமும் தட்டிக்கொண்டே வரும். கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ, அதைப் பொறுத்து வெளியே திசை மாறும். குண்டைச் சுற்றும் எண்ணெய்த் துணிதான் அதை நடுவில் பிடித்து வைக்கிறது. பின்னாலிருந்து வரும் புகையை அடைப்பதும் அதுதான்.

எங்களிடம் அதிகம் வருவது இப்படி வழவழப்பான 20 கேஜ் குழல். குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 20 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பது கணக்கு, உள்விட்டம் 0.615 அங்குலம். இதற்கு 0.600 குண்டு போட்டால் மொத்த இடைவெளி 15 தௌ, பக்கத்துக்கு ஏழரை. (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தௌ என்போம்.) 10 தௌ துணி அதில் நசுங்கி உட்காரும். இதற்குப் பதில் 0.590 குண்டு போட்டால் பக்கத்துக்குப் பன்னிரண்டரை தௌ கிடைக்கும்; தலையணை உறைக்கு வரும் கெட்டித் துணி, சுமார் 18 தௌ உள்ளது, அங்கே பொருந்தும். காகிதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இறுக்கம். சுட்டுப் பார்த்தால் ஒன்றல்ல. தடித்த துணி அதிக எண்ணெயைக் குடித்து வைக்கும், சீக்கிரம் கருகாது, குழலில் இருக்கும் சிறு மேடு பள்ளத்தையும் பொறுத்துக்கொள்ளும். மெல்லிய துணியில் அந்தத் தாராளம் கிடையாது. அதனால் நான் எப்போதும் சிறிய குண்டு, தடித்த துணியில்தான் தொடங்குவேன்.

துணியை அளப்பதே தனி வேலை. தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை மெதுவாகத் தொட்டால் ஓர் அளவு, அதன் ரேட்செட் (அளவுக்கு மேல் அழுத்தாமல் நழுவும் திருகுப்பிடி) டிக் டிக் என்று நழுவும் வரை திருகினால் இன்னோர் அளவு. ஒரே துணிக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொல்வார்கள். ரேட்செட் வரை திருகிய எண்ணைத்தான் நாங்கள் எழுதுகிறோம், ஏனென்றால் குழலுக்குள்ளும் துணி நசுங்கித்தான் இருக்கும். துணி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் உருகிக் குழலில் ஒட்டும். புதுத் துணியை ஒருமுறை துவைத்துக் கஞ்சியைப் போக்கி, அப்புறம்தான் அளக்க வேண்டும்.

வருகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் இறுக்கமாகப் போட்டால் இன்னும் நன்றாகச் சுடுமா?" முதல் குண்டுக்குச் சில சமயம் ஆமாம். ஆனால் கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கழிவாக மிஞ்சும். நாலைந்து முறை சுட்டதும் குழல் அந்தக் கரியால் குறுகிவிடும். காற்று ஈரமாக இருந்தால் கரி இளகும். வறண்ட நாளில் ஓடுபோல இறுகும். அப்போது இறுக்கமான குண்டு பாதி வழியில் நிற்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் விட்டுச் சுடுவது மிக ஆபத்து. குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்ததா என்று பார்க்கத் திணிக்கும் கோலில் ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறோம். அந்தக் கோடு இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் எங்கள் பட்டறையை விட்டுப் போகாது. ஆகவே துடைக்காமல் பத்தாவது குண்டும் அடிவரை இறங்குகிற சேர்க்கையைத்தான் நான் தேடுகிறேன். முதல் குண்டின் அழகு எனக்கு இரண்டாம்பட்சம்.

18ஆம் நூற்றாண்டு ராணுவம் இதே சிக்கலை மறுகோடியில் தீர்த்தது. பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் துப்பாக்கிக் குழல் ஏறக்குறைய 0.75 அங்குலம்; அதற்குக் கொடுத்த குண்டு 0.69 சொச்சம். மருந்தும் குண்டும் சுற்றிய காகிதத் தோட்டாவைக் கிழித்து, காகிதத்தோடு சேர்த்துத் திணித்துவிடுவார்கள். கிழக்கிந்திய கம்பெனிக்காகச் செய்த இந்தியா பேட்டர்ன் என்ற பிரவுன் பெஸ் வகை, 39 அங்குலக் குழல் கொண்டது, மதராஸ் சிப்பாய்கள் தோளிலும் இருந்தது. வரிசையாக நின்று வேகமாகச் சுடுகிறவனுக்கு அந்த இடைவெளி சரி. காட்டில் ஒரே மானைக் குறிவைப்பவருக்கு அது போதாது.

சுட்டபின் முன்னால் நடந்து போய்த் துணிகளைப் பொறுக்குவேன். வேலையின் உயிரே அங்கேதான் என்பேன். சாதாரணமாக அவை குழல் வாயிலிருந்து சில கஜங்களுக்குள் கிடக்கும். நல்ல துணியில் நடுவே கரிய வட்டம், அதைச் சுற்றிக் குண்டுக்கும் குழலுக்கும் நடுவே நசுங்கிய சாம்பல் வளையம், ஓரம் முழுசாக இருக்கும். இன்னொரு தடவைகூடப் போடலாம்போலத் தோன்றும். நடுவில் ஓட்டை விழுந்து ஓரம் தீய்ந்திருந்தால் துணி மெல்லிசு, அல்லது எண்ணெய் போதவில்லை. மருந்துக்கு மேல் ஒரு தக்கை வைத்தாலும் அது சரியாகும். வளையத்தில் கத்தியால் கீறியதுபோல வெட்டு இருந்தால் துணியைக் குறை சொல்லாதீர்கள். குழல் வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது; எமரித் தாளைக் கட்டைவிரலால் அழுத்திச் சுற்றினால் போகும்.

எண்ணெய் விஷயத்தில் ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பந்தயத்துக்குச் சுடுகிறவர் துணியை எச்சிலில் நனைத்தே போடலாம். உடனே சுட்டுவிடுவார், கரியும் இளகும். டிசம்பர் மான் வேட்டைக்குப் போகிறவர் காலையில் கெட்டித்து மாலைவரை சுமப்பார். அந்த ஈரம் மருந்தைக் கெடுக்கும், குழலைத் துருவேற்றும். அவருக்குத் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மசகு. குளிரில் அது இறுகும் என்பதால் மெழுகைக் குறைத்துக் கலக்கச் சொல்வேன்.

குண்டையும் விடக்கூடாது. 0.600 தூய ஈயக் குண்டு சுமார் 21 கிராம். தராசில் வைத்து எடை குறைந்ததைத் திரும்ப உருக்கிவிடுவேன். உள்ளே காற்றுக்குழி இருக்கும், எடை ஒரு பக்கம் சாயும். சுழற்சியில்லாத குண்டுக்கு அது பெரிய கேடு. குண்டு வார்க்கும் அச்சின் வாயில் நிற்கும் ஈயத் தண்டை வெட்டிய தழும்பு மேலே பார்க்க, நட்ட நடுவில் இருக்க வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஓர் அச்சுக்கு மட்டும்தான் காசு வைத்திருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: சிறிய அச்சை வாங்குங்கள். குண்டு சிறிதானால் தடித்த துணி தேடிக்கொள்ளலாம், துணிக்கடையில் கிடைக்கும். பெரிதானால் மெல்லிய துணியைத் தவிர வழியில்லை.