ஹுஜுராத் அத்தியாயத்தோடு ஒரு நாட்குறிப்பு

2025 ஜனவரி 5

சுப்ஹுத் (அதிகாலைத்) தொழுகைக்குப் பின் தனியாக ஓதும் நேரத்தை இனிச் சில வாரங்களுக்கு ஒரே அத்தியாயத்துக்கு ஒதுக்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். நாளொன்றுக்கு ஒரு ஜுஸ்வு (குர்ஆனின் முப்பது பகுதிகளில் ஒன்று) வீதம் ஓதி மாதத்தில் ஒரு முறை குர்ஆனை முடிக்கும் வழக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் முதலில் சொன்ன அளவே மாதம் ஒரு முறை என்பதுதான். ஆனால் நாவின் வேகத்துக்கு உள்ளம் ஈடுகொடுக்காத நாட்கள் அதில் நிறைய வருகின்றன. குணத்தைப் பற்றிய ஒரு வசனம் மனத்தில் படுவதற்குள் அடுத்த பக்கம் வந்துவிடுகிறது.

தாபிஈன்களில், அதாவது நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரில், ஒருவரான அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமி தமக்குக் குர்ஆன் கற்பித்த உஸ்மான் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) போன்றோரைப் பற்றிச் சொன்ன செய்தி நெடுநாளாக என் நினைவில் இருக்கிறது. அவர்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றில் உள்ள அறிவையும் செயலையும் கற்றுக்கொள்ளும்வரை அடுத்த பத்துக்குச் செல்வதில்லையாம். நபிகளாரின் குணம் எப்படி இருந்தது என்று ஸஅத் இப்னு ஹிஷாம் கேட்டபோது நபிகளாரின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள், "அவர்களுடைய குணம் குர்ஆனாகவே இருந்தது" என்று பதில் சொன்னதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கிறேன். ஓதுதல் ஒரு பக்கமும் ஒழுக்கம் மறு பக்கமுமாக அவர்களிடம் பிரிந்து கிடக்கவில்லை.

எடுத்துக்கொண்டது 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத். மதீனாவில் அருளப்பட்டது, 18 வசனங்கள். "நம்பிக்கை கொண்டோரே" என்ற அழைப்பு இதில் ஐந்து முறை வருகிறது. ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் ஒரு கட்டளையோ தடையோ நிற்கிறது.

ஜனவரி 8

முதல் ஐந்து வசனங்கள் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் பேணவேண்டிய ஒழுக்கத்தைப் பற்றியவை: அவர்களை முந்திக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள், அவர்களின் குரலுக்கு மேல் உங்கள் குரலை உயர்த்தாதீர்கள், அறைகளுக்கு வெளியே நின்று உரக்க அழைக்காதீர்கள். இவை அந்தக் காலத்தவருக்கு மட்டும் உரியவை என்று கடந்துவிடத் தோன்றும். ஆனால் இமாம் புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ள பின்னணியைப் படித்தால் அப்படிக் கடக்க முடியவில்லை. பனூ தமீம் தூதுக்குழு வந்தபோது அவர்களுக்கு யாரைத் தலைவராக்குவது என்பதில் அபூபக்ர் (ரலி) ஒருவரையும் உமர் (ரலி) வேறொருவரையும் முன்மொழிய, "எனக்கு மாறு செய்வதுதான் உம் நோக்கம்" என்று அபூபக்ர் (ரலி) சொல்லும் அளவுக்குப் பேச்சு போய்க் குரல்கள் உயர்ந்தன. அதன் பிறகே வசனம் இறங்கியது. சமுதாயத்தின் மிகச் சிறந்த இருவர், அதுவும் ஒரு நல்ல காரியத்துக்கான ஆலோசனையின்போது! அதற்குப் பிறகு உமர் (ரலி) நபிகளாரிடம் எவ்வளவு மெல்லப் பேசினார்கள் என்றால், என்ன சொன்னீர் என்று மறுபடி கேட்க வேண்டியிருந்ததாம்.

ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இன்னும் மனத்தைத் தொடுகிறது. இயல்பிலேயே உரத்த குரல் கொண்ட அவர், வசனத்தைக் கேட்டதும் தம் நற்செயல்கள் அழிந்துவிட்டன என்று எண்ணி, தலையைத் தொங்கப்போட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நபி (ஸல்) அவர்களோ அவரைத் தேடச் செய்து, அவர் நரகவாசி அல்லர், சொர்க்கவாசி என்று சொல்லி அனுப்பினார்கள். குரல் உரத்திருப்பது வேறு, அலட்சியத்தால் குரலை உயர்த்துவது வேறு. தம்மை நோக்கிச் சொல்லப்படாத கண்டிப்பையும் தமக்கென்று எடுத்துக்கொண்ட அந்த உள்ளம், குணம் திருந்துவதற்கான முதல் தகுதியைப் பெற்றிருந்தது என்று எனக்குப் படுகிறது.

ஜனவரி 12

ஆறாம் வசனம்: தீயவர் ஒருவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாம். ஸகாத் (கட்டாய தானம்) வசூலிக்க அனுப்பப்பட்டவர் பாதி வழியில் அஞ்சித் திரும்பி, பனுல் முஸ்தலிக் குலத்தார் தர மறுத்துவிட்டதாகச் சொன்னது விரிவுரைகளில் பரவலாகக் கூறப்படும் பின்னணி. அந்தச் சொல்லை அப்படியே நம்பியிருந்தால் ஒரு குலமே தாக்கப்பட்டிருக்கும்.

செல்பேசியில் வந்து விழும் செய்திகளோடு இந்த வசனத்தைப் பொருத்தாத சொற்பொழிவாளர் இன்று இல்லை, பொருத்தம் சரியானதுதான். ஆனால் பிறருக்கு அனுப்பாமல் இருப்பது மட்டுமே விசாரணை ஆகிவிடாது. யாருக்கும் அனுப்பாமல், ஆனால் உள்ளத்தில் நம்பி, சம்பந்தப்பட்டவரிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சற்றே மாற்றிக்கொள்வதும் அறியாமையால் இழைக்கும் தீங்குதான். உறவினர் ஒருவரைப் பற்றி இன்று ஒரு பேச்சு காதில் விழுந்தது. அவருக்கு ஸலாம் சொல்லும்போது முகத்தை வழக்கம் போலவே வைத்துக்கொள்வதற்கு முயற்சி தேவைப்பட்டது.

ஜனவரி 19

இன்று அத்தியாயத்தை விட்டுச் சற்று விலகிச் செல்கிறேன். உயைனா இப்னு ஹிஸ்ன் என்பவர், அப்போது கலீஃபாவாக (ஆட்சித் தலைவராக) இருந்த உமர் (ரலி) அவர்களுக்கு நெருக்கமானவராக இருந்த தம் சகோதரர் மகன் ஹுர்ரு இப்னு கைஸ் மூலம் அனுமதி பெற்றுக் கலீஃபாவின் முன் வந்து, "நீர் எங்களுக்கு வாரி வழங்குவதுமில்லை, எங்களிடையே நீதியாகத் தீர்ப்பளிப்பதுமில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். உமர் (ரலி) கோபத்தில் அவரைத் தண்டிக்க முற்பட்டபோது ஹுர்ரு 7:199 (7ஆம் அத்தியாயம், 199ஆம்) வசனத்தை ஓதினார்: மன்னிப்பை மேற்கொள்வீராக, நன்மையை ஏவுவீராக, அறிவீனர்களைப் புறக்கணிப்பீராக. ஓதிவிட்டு, "இவர் அறிவீனர்களில் ஒருவர்" என்றார். வசனத்தைக் கேட்ட பின் உமர் (ரலி) அதைத் தாண்டி ஓரடியும் வைக்கவில்லை. அல்லாஹ்வின் வேதத்தின் முன் சட்டென்று நின்றுவிடும் இயல்பினர் அவர்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) கூறுவது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இந்த நாட்குறிப்பில் நான் தேடுவது இதைத்தான் என்று இப்போது புரிகிறது. உமர் (ரலி) அவர்களுக்கு அந்த வசனம் புதிதன்று. வசனம் தெரிந்திருப்பதற்கும், கோபம் கொதிக்கும் நொடியில் அது குறுக்கே வந்து நிற்பதற்கும் இடையில் உள்ள தொலைவுதான் குணப்பயிற்சி முழுவதும். நபி (ஸல்) அவர்கள் ஓர் இரவு முழுவதும் 5:118 வசனத்தையே திரும்பத் திரும்ப ஓதித் தொழுததாக அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். திரும்பத் திரும்ப ஓதப்படும் வசனமே வேண்டிய நொடியில் நாவுக்கு முன்னால் வரும் என்று நினைக்கிறேன். ஆகவே அன்றைய வசனத்தை இரவுத் தொழுகையிலும் ஓதுவதென்று வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 24

9, 10 வசனங்கள். நம்பிக்கையாளர்களில் இரு குழுவினர் சண்டையிட்டாலும் அவர்களை "நம்பிக்கையாளர்கள்" என்றே இறைவன் அழைப்பதை இமாம் புகாரி தம் தொகுப்பில் ஓர் ஆதாரமாக எடுத்துக் காட்டுகிறார். சமாதானம் செய்யுங்கள் என்பதோடு வசனம் நிற்கவில்லை. அத்துமீறும் தரப்பைத் தடுக்கவும், அது திரும்பி வந்தபின் நீதியோடு இணக்கம் ஏற்படுத்தவும் சொல்கிறது. "இருவரும் விட்டுக்கொடுங்கள்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிப் பாதிக்கப்பட்டவரை அடக்கிவிடுவதைச் சமாதானம் என்று நாம் பெயரிட்டு வைத்திருக்கிறோம். குர்ஆன் சொல்லும் சமாதானம் அதுவன்று.

பிப்ரவரி 1

பதினோராம் வசனம் பரிகாசத்தையும் குத்திப் பேசுவதையும் பட்டப்பெயரால் அழைப்பதையும் தடுக்கிறது. பரிகாசத்தைப் பற்றிப் பேசும்போது ஆண்களைச் சொன்ன பின் பெண்களைத் தனியே குறிப்பிடுவது கவனத்துக்குரியது. காரணமாக, கேலி செய்யப்படுவோர் கேலி செய்வோரைவிடச் சிறந்தவர்களாக இருக்கலாம் என்கிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது ஸலிமா குலத்தாரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைச் சொல்லி அழைத்தால், "அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது" என்று மற்றவர்கள் சொல்வார்களாம்.

பிடிக்குமா பிடிக்காதா என்பதை அழைப்பவர் தீர்மானிப்பதில்லை, அழைக்கப்படுபவரே தீர்மானிக்கிறார் என்பது இதில் அடங்கியிருக்கிறது. "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்ற பதிலுக்கு இங்கே இடமே இல்லை. நபிகளாரின் மற்றொரு மனைவியான ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரத்தைக் குறித்து ஆயிஷா (ரலி) ஒரு சொல் சொன்னபோது, அந்தச் சொல் கடல்நீரில் கலக்கப்பட்டால் அதையும் கெடுத்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். சொன்னவர் அன்பு மனைவி, சொன்னது வீட்டுக்குள். அப்படியிருந்தும் அந்தச் சொல் சிறியதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பிப்ரவரி 9

பன்னிரண்டாம் வசனத்தில் இவ்வளவு நாள் தங்குவேன் என்று நினைக்கவில்லை. ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், துருவி ஆராயாதீர்கள், ஒருவரையொருவர் புறம் பேசாதீர்கள் என்று மூன்று தடைகள். மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. உள்ளத்தில் ஒரு சந்தேகம் விழுகிறது. அது உண்மைதானா என்று அறியக் கண்ணும் காதும் வேவு பார்க்கின்றன. கண்டதை நாவு யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்க்கிறது. புறம் பேசுவதை விட்டுவிட வேண்டும் என்று உறுதி எடுப்பவர்கள் பெரும்பாலும் நாவோடு போராடித் தோற்கிறார்கள். வசனமோ இரண்டு படிகள் முன்னதாகவே தடுப்பை எழுப்புகிறது.

ஊகம் எல்லாமே பாவம் என்றும் சொல்லப்படவில்லை, அவற்றில் சில பாவம் என்றே சொல்லப்படுகிறது. எந்தச் சில என்று நமக்குத் தெரியாததால் பெரும்பாலானவற்றிலிருந்து விலகி நிற்கச் சொல்வது எவ்வளவு நுட்பமான எச்சரிக்கை! இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் தாடியிலிருந்து மது சொட்டுவதாகச் சொல்லி ஒருவரைக் கொண்டுவந்தபோது, "துருவி ஆராய்வது எங்களுக்குத் தடுக்கப்பட்டிருக்கிறது, ஏதேனும் வெளிப்படையாகத் தெரிந்தால் அதைக்கொண்டு நடவடிக்கை எடுப்போம்" என்றார்கள். பிறர் பாவத்தைக் கண்டுபிடிப்பதில் நமக்கு இருக்கும் ஆர்வத்தைச் சன்மார்க்கப் பற்று என்று நினைத்துக்கொள்வோருக்கு இதுவே போதுமான பதில்.

பிப்ரவரி 13

மறு பக்கமும் ஒன்று இருக்கிறது. இஃதிகாஃபில் (வணக்கத்துக்காகப் பள்ளிவாசலில் தங்கி) இருந்த நபி (ஸல்) அவர்களைப் பார்த்துவிட்டு இரவில் திரும்பும் ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப அவர்கள் எழுந்து வந்தபோது, அன்ஸாரிகளில் (மதீனாவைச் சேர்ந்த நபித்தோழர்களில்) இருவர் அவர்களைக் கண்டு விரைந்து நடந்தனர். அவர்களை நிறுத்தி, "இவர் ஹுயையின் மகள் ஸஃபிய்யாதான்" என்று நபிகளார் தெளிவுபடுத்தினார்கள். உங்களையா சந்தேகிப்போம் என்று அவர்கள் திடுக்கிட்டபோது, ஷைத்தான் மனிதனின் இரத்த ஓட்டம் போல ஓடுகிறான் என்று காரணம் சொன்னார்கள். பிறரைச் சந்தேகிக்காதே என்று கற்பித்தவர்களே, பிறர் உள்ளத்தில் சந்தேகம் விழாதபடி தாமாகவே விளக்கம் தந்தார்கள். "என் மனம் சுத்தம், யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை" என்ற பேச்சை இனித் துணிச்சலாகக் கொள்ள எனக்கு மனம் வராது.

பிப்ரவரி 18

புறம் என்பதற்கு நபி (ஸல்) அவர்களே வரையறை தந்திருக்கிறார்கள்: உன் சகோதரன் வெறுப்பதை அவனைப் பற்றிக் குறிப்பிடுவது. நான் சொல்வது அவனிடம் இருந்தால்? இருந்தால்தான் அது புறம், இல்லையென்றால் அவதூறு. இந்த ஹதீஸ் இமாம் முஸ்லிமின் தொகுப்பில் இருக்கிறது. "உள்ளதைத்தானே சொன்னேன்" என்ற தற்காப்பே இதில் குற்றத்தின் இலக்கணமாகிவிடுகிறது.

எனினும் வாய்மூடி இருப்பதே எப்போதும் அறம் ஆகாது. இமாம் நவவி (இறப்பு 1277) ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற தம் ஹதீஸ் தொகுப்பில், புறம் பேசுவது அனுமதிக்கப்பட்ட ஆறு சூழல்களை எடுத்துரைக்கிறார். அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரமுள்ளவரிடம் முறையிடுவது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது, தீங்கிலிருந்து பிறரை எச்சரிப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். கணவர் செலவுக்குப் போதிய அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, புறம் பேசாதே என்று அவரை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. நியாயமான அளவு எடுத்துக்கொள்ளும்படி வழி சொன்னார்கள். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோதும் உள்ளதை ஒளிக்காமல் சொன்னார்கள். குடும்பத்தில் கொடுமைக்கு ஆளாகும் ஒருவரிடம் "புறம் பேசாதீர்கள்" என்று சொல்லி வாயை அடைப்பவர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் படிக்க வேண்டும். சொல்லின் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமலிருப்பதுதான் கடினம். எனக்கு நானே வைத்துக்கொண்ட கேள்வி இதுதான்: நான் சொல்வதைக் கேட்பவரால் இதில் எதையாவது சரிசெய்ய முடியுமா?

பிப்ரவரி 23

பதின்மூன்றாம் வசனத்தில் அழைப்பு "மனிதர்களே" என்று விரிகிறது. ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைக்கப்பட்டவர்கள். சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ள. இறைவனிடம் கண்ணியமிக்கவர் இறையச்சம் மிக்கவரே. பரிகாசம், பட்டப்பெயர், ஊகம் ஆகியவற்றை அடுத்து இது வருவது தற்செயலாகத் தெரியவில்லை. தன் குலம் உயர்ந்தது என்ற எண்ணம் இருக்கும்வரை மற்றவை வேர் அறாமல் முளைத்துக்கொண்டேயிருக்கும். மேலும், இறையச்சத்தின் அளவை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்பதால், யார் கண்ணியமிக்கவர் என்று வரிசைப்படுத்தும் வேலை நம் கையில் கொடுக்கப்படவேயில்லை.

பிப்ரவரி 27

கடைசி வசனங்கள். நாங்கள் நம்பிக்கை கொண்டோம் என்று கிராமப்புற அரபிகள் சொன்னபோது, "பணிந்தோம் என்று சொல்லுங்கள், நம்பிக்கை இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை" என்ற பதில் தரப்படுகிறது. இஸ்லாத்தை ஏற்றதை நபிக்குச் செய்த உபகாரமாகச் சொல்லிக் காட்டினார்கள். நம்பிக்கையின்பால் வழிகாட்டியது அல்லாஹ் உங்களுக்குச் செய்த உபகாரம் என்கிறது பதினேழாம் வசனம். குணத்தைத் திருத்தச் சொல்லும் அத்தியாயம் திருந்திவிட்டோம் என்ற எண்ணத்தைக் கண்டித்து முடிவதைப் பலமுறை ஓதியும் முன்பு நான் கவனித்ததில்லை. பத்து வசனங்களைக் கற்றுச் செயல்படுத்துவோர் அதைத் தமக்கு ஒரு தகுதிச் சான்றாக ஆக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கவே செய்கிறது. இந்தக் குறிப்புகளுக்கும் அது பொருந்தும்.

ரமலான் நெருங்கிவிட்டது. மாதம் முழுவதும் ஜுஸ்வு முறைப்படியே ஓதுவேன். ஹுஜுராத் வரும் இருபத்தாறாம் ஜுஸ்வு அன்று மட்டும் நிதானம் கூடலாம். அடுத்த மாதமான ஷவ்வாலில், ஞானி லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளை, 31:13 முதல் 19 வரை, எடுத்துக்கொள்வதாக இருக்கிறேன்.