"அந்த டிரைவர் என்னைப் பாத்தான் சார்"

ராத்திரி ரோட்டு வேலை நடக்கிறப்ப வண்டிங்களை நிறுத்தக் கொடி பிடிக்கிற எங்க அண்ணனை ஒரு வண்டி இடிச்சிடுச்சு. அவரைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அவர் திரும்பத் திரும்ப சொன்னது இதுதான். "அந்த டிரைவர் என்னைப் பாத்தான் சார். நேரா பாத்தான். பாத்துட்டும் வந்தான்." நான், "பாத்திருக்க மாட்டாருண்ணே, நம்ம லைட் கண்ணுல அடிச்சிருக்கும்"னேன். ஆறுதலுக்குச் சொன்னேனா, இல்ல நம்பித்தான் சொன்னேனான்னு இன்னும் பிடிபடல.

போர்டு தூரத்துலயே வச்சிருந்தோம், கோன் வரிசை டிராயிங்படி சரியா இருந்துச்சு, அவர் ஜாக்கெட்டும் புதுசு. விசாரணைலயும் எங்க பக்கம் குறை இல்லன்னுதான் வந்துச்சு. ஆனா 80 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போகும், டிரைவர் மனசுல பதிஞ்சு கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள 40 மீட்டர் போயிடும், கோன் வெறும் பிளாஸ்டிக், அது வழி காட்டுமே தவிர எதையும் நிறுத்தாது. ஆரஞ்சு கோன், ஆரஞ்சு மெஷின், நடுவுல ஆரஞ்சு ஜாக்கெட்ல ஒரு ஆள், தினமும் அதே ரோட்ல வர்றவனுக்கு கண்ணு பட்டாலும் அங்க ஆள் நிக்கிறது பதியாமலே போகலாம். அப்படின்னா அண்ணன் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. இத வச்சு என்ன பண்றது?

ரிப்போர்ட்ல காரணம்ங்கிற இடத்துல 'டிரைவர் கவனக்குறைவு'ன்னு எழுதிட்டு, கீழ 'ஆளுக்கும் வண்டிக்கும் நடுவுல தடுப்பு எதுவும் இல்ல'ன்னு ஒரு வரி சேத்தேன். மேனேஜர் எடுக்கச் சொன்னார், நான் எடுக்கல. அவர் கேட்டதும் தப்பில்ல, ஒரு ராத்திரி வேலைக்கு கான்கிரீட் தடுப்பு இறக்கணும்னா கிரேனோட அதே ரோட்ல ஆளுங்க நிக்கணும், வேலையை விட அதுக்கே அதிக நேரம் ஆகும். பின்னாடி மோதலைத் தாங்குற லாரியை நிறுத்தினா தார் போடுறவங்க தப்பிப்பாங்க, கொடி பிடிக்கிறவர் அந்த லாரிக்கும் முன்னாடியே வண்டியை எதிர்பார்த்து நிக்கிறார். மத்த எல்லாரையும் காப்பாத்துற ஆளுக்குத்தான் மறைவே கிடையாது. ரோட்டை மூடிட்டு வேலை செய்றதுதான் ஒழுங்கான வழின்னு நான் இப்பவும் சொல்றேன், கேக்க யாரும் தயாரா இல்ல.

அதனால ரிமோட்ல வேலை செய்ற சிக்னல் கேட்டு எழுதிக் கொடுத்தேன், ஆள் ரோட்டை விட்டுத் தள்ளி நின்னே இயக்கலாம். கால் ஓரளவு தேறினதும் அண்ணன் சைட்டுக்கு வந்தார், அவர்கிட்ட சந்தோஷமாத்தான் சொன்னேன். "அது வந்தா எனக்கு என்ன வேலை சார்?"னு கேட்டார். "ரிமோட் உங்க கைலதாண்ணே இருக்கும்"னு சொன்னேன். வேலை நடக்கிற இடத்தோட ரெண்டு முனைக்கும் சேத்து ஒரு ஆளே போதுமேன்னு அடுத்த கேள்வியை மேனேஜர் கேப்பார்னு எனக்குத் தெரியும், அந்த ஒரு ஆள் காலை இழுத்து நடக்கிற இவரா இருப்பாரான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இருந்தும் அந்த லெட்டரை நான் திரும்ப வாங்கல, வாங்கப் போறதும் இல்ல.