சொந்த மைதானம் தேடிய நாட்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய தொழில்முறை கால்பந்து கிளப்பில் வேலை பார்த்தேன். ஆட்ட நாள் ஏற்பாடுகள் என் பொறுப்பு. அந்த சீசனில் சொந்த மைதானத்தில் எங்களுக்கு ஆறே ஆட்டங்கள். எல்லாமே சென்னையில்தானா, ஒன்றையாவது வெளியூரில் வைக்கலாமா என்று பேச்சு வந்ததும் வேலூர் என்றேன். என் ஊர் காட்பாடி. "சரி, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார் மேலாளர்.

அளவு நாடாவோடு ரயிலேறினேன். நான் பார்த்த மைதானத்தில் 105க்கு 68 மீட்டர் ஆடுகளம் போட இடம் இருந்தது. புல்தான் இல்லை. பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மாஸ்டர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கோல் கம்பத்தை அளந்தால் எட்டடி இல்லை, நான்கு விரல் குறைவு. கம்பத்தில் தப்பில்லை. மழைக்குப் பிறகு கோல் வாசலில் பள்ளம் விழும், அதில் மண் கொட்டுவார்கள். வருஷக்கணக்கில் கொட்டிக் கொட்டித் தரை உயர்ந்துவிட்டது.

"இந்தப் பசங்க பெரிய ஆட்டத்தை டிவியிலதான் பார்த்திருக்காங்க, தம்பி. ஒண்ணே ஒண்ணு இங்க போடச் சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

அன்று மாலை பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று கடைசி பஸ் நேரங்களை விசாரித்தேன். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் என் வேலையில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான்: எத்தனை நாற்காலி என்று கேட்பதற்கு முன், பார்க்க வருகிறவர் எப்படி வீடு திரும்புவார் என்று கேட்க வேண்டும். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பது இருபது ஆகும். குடியாத்தத்துப் பையனுக்கு அது சென்னையில் நடந்தால் அன்றிரவு வீடு கிடையாது. வேலூரில் மாலை நாலரைக்கு வைத்தால் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான். விளக்குக் கோபுரச் செலவும் மிச்சம்.

வெளியூருக்குப் போனால் கூட்டம் வராது என்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது சென்னை சிட்டி எஃப்சியின் கதை. பெயரில் சென்னை இருந்தாலும் அவர்கள் கோயம்புத்தூர் நேரு மைதானத்துக்கு மாறினார்கள். 2018-19 ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரின் கோப்பையை அங்கேதான் வென்றார்கள். 2020-21 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து சீசனையும் மறக்க முடியாது. கொரோனாவால் எல்லா அணிகளும் கோவாவிலேயே ஆடின, பார்வையாளர் இல்லாமல். சொந்த மைதானம் என்ற சொல் அட்டவணையில் மட்டும் இருந்தது. அந்த வெற்று கேலரிகளைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

அறிக்கையில் ஐந்து ஆட்டம் சென்னையில், ஒன்று வேலூரில் என்று எழுதினேன். ஆறையும் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வழக்கமாக வருகிறவர்களுக்கு நிலையான ஓர் இடம் வேண்டும். புல் வளர்க்கவும், உடை மாற்றும் அறைகளைச் சரிசெய்யவும் ஆகும் செலவையும் மறைக்காமல் எழுதினேன். அந்தச் செலவைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரே ஒரு ஆட்டத்துக்கு அவ்வளவு பணம் அவர்களிடம் இல்லை. அது எனக்கும் புரிந்தது. ஆனாலும் மாஸ்டருக்குப் போன் செய்ய இரண்டு நாள் ஆயிற்று.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது மைதானம் பக்கம் போனேன். இரண்டு கோல் வாசல்களிலும் மண்ணை வெட்டி எடுத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். "பசங்களே வெட்டினாங்க, தம்பி. அளந்து பாருங்க" என்றார் மாஸ்டர். நாடா கொண்டுவரவில்லை. ஒரு பையன் ஓடிப்போய் வாங்கி வந்தான். சரியாக எட்டடி.