அம்புக்குறி போட்டுப் படித்த ஆங்கிலம்

கொழும்பில் நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க நினைத்தவர்கள் ஒரு சிலரே. 2005இல், அந்தப் பல்கலைக்கழகங்களின் அனுமதிக்காக எழுதும் எஸ்.ஏ.ரி. (SAT) பரீட்சையில் எழுத்துப் பகுதி ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அதை யாரிடம் படிப்பது என்று முழித்துக்கொண்டு நின்றபோது, "பள்ளிக்கூடம் விட்டதும் மேல்மாடிக்கு வாங்கோ" என்றார் எங்கள் ஆங்கில சேர். ஒரு சதமும் வாங்கவில்லை. காலி வீதி பஸ் இரைச்சல் யன்னலால் வந்துகொண்டிருக்கும். அவர் தன்பாட்டில் படிப்பிப்பார்.

அங்கே படித்ததில் இன்றுவரை எனக்குக் கைகொடுப்பது பிரதிப்பெயர்ப் பாடம்தான், அதாவது பெயருக்குப் பதிலாக வரும் 'அவர்', 'அது', 'இது' போன்ற சொற்களைப் பற்றிய பாடம். வசனத்தில் பிரதிப்பெயரைக் கண்டால் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அது குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு ஓர் அம்புக்குறி கீற வேண்டும். அம்பு ஓரிடத்துக்குப் போனால் சரி. இரண்டு இடத்துக்குப் போகலாம் என்றாலோ, போக இடமே இல்லை என்றாலோ பிழை அங்கேதான். "அதிபர் ஆசிரியரைச் சந்தித்தபோது அவர் கோபமாக இருந்தார்" என்று பலகையில் எழுதிவிட்டு, "ஆருக்குக் கோபம்?" என்பார். "ரயில் பிந்தியது, மழையும் பெய்தது, இதைப் பற்றி முறையிட்டேன்" என்றால், "மழையைப் பற்றியோ?" என்பார்.

பிழையைப் பிடித்த பிறகும், தந்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும்போது சறுக்குவோம். ஒரே சொல்லைத் திரும்ப எழுதக்கூடாது என்று கட்டுரை எழுதிப் பழகியவர்கள் அல்லவா? பெயரை மறுபடி சொல்லும் விடை நீளமாக, கரடுமுரடாகத் தெரியும். பிரதிப்பெயரோடு வரும் குட்டி விடை வடிவாக இருக்கும், கை அதற்கே போகும். "வடிவைப் பாக்காதேங்கோ, ஆளைப் பாருங்கோ" என்று சேர் சத்தம் போடுவார்.

அதற்காகக் கண்ட கண்ட பிரதிப்பெயரையெல்லாம் வெட்டவும் விடமாட்டார். "மாணவர்கள் அதிபரிடம் போனபோது அவர்கள் பயந்திருந்தார்கள்" என்பதில் பெயர் இரண்டு இருந்தாலும் பன்மை ஒன்றுதானே. அங்கே 'பிழை இல்லை' என்ற ஐந்தாவது விடையே சரி. ஒரு பிழையான விடைக்கு ஒரு புள்ளியில் காற்பங்கை வெட்டிய காலம் அது.

2016இல் அந்த வெட்டு நின்றுவிட்டது. இப்போது பரீட்சை முழுவதும் கணினியில்: சின்னப் பந்தி, கேள்வி ஒன்று, விடை நான்கு. பிரதிப்பெயர் தன் பெயர்ச்சொல்லோடு ஒருமை பன்மையில் பொருந்துகிறதா என்று இன்றும் கேட்கிறார்கள். இடையில் வேறொரு பன்மைச் சொல்லைச் செருகிவைத்தால் கண் ஏமாறும். அம்புக்குறி போடுபவர் ஏமாறமாட்டார்.

ரொறன்ரோவில் நான் வேலை செய்வது மருத்துவமனையில். "நோயாளியோடும் மகனோடும் பேசினேன், அவர் சம்மதித்தார்" என்று ஒரு குறிப்பு வந்தால், சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்தது யார்? நான் எழுதும் குறிப்பில் ஆளைத் திரும்பவும் சொல்லியே எழுதுகிறேன், எத்தனை தடவை வந்தாலும்.

நம் பழைய மாணவர் சங்கக் கிளை, நாம் படித்த கல்லூரிக்குப் புத்தகங்கள் அனுப்புகிறது, நல்ல விஷயம். அதோடு உயர்தரப் பிள்ளைகளுக்கு இணையவழியில் ஓர் ஆங்கில வகுப்பும் நடத்தலாம். கொழும்பில் பின்னேரம் என்றால் இங்கே விடியற்காலை. நான் எழும்பி இருப்பேன். கூட வரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.