முத்துப்பேட்டையில் மீன்முள் வாய்க்கால் வெட்டிய அனுபவம்

அலையாத்திக் காட்டை, அதாவது கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காட்டை, மீட்கிறோம் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே "எத்தனை செடி நட்டீர்கள்?" என்கிறார்கள். கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊர்க் குழுவோடு இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நடவு கடைசியில் வருவது, இருப்பதிலேயே சுலபமானதும் அதுதான்.

எங்களுடையது காவிரி டெல்டாவின் தெற்குக் கோடி. பாமணியாறு, கோரையாறு எல்லாம் முத்துப்பேட்டை லகூனில் (காயலில்) இறங்கி, முகத்துவாரம் வழியாகப் பாக் நீரிணையில் சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையும் இதே வழியாகத்தான் வடிய வேண்டும். கடல் பொங்கி நிற்கிற நாளில் மழையும் பெய்தால் வயலில் தண்ணீர் தேங்கிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபோது சாய்ந்த தென்னைகளை ஊரே படம் பிடித்தது. காடு முறிந்து கிடந்ததைப் பார்க்கப் படகில் போக வேண்டும், அதனால் அது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

முதல் கூட்டத்திலேயே கடைமடை விவசாயி ஒருவர் எழுந்து, "ஏந்தம்பி, காட்டை அடர்த்தியாக்கிட்டா மழைத்தண்ணி எங்க வடியும்?" என்றார். நியாயமான கேள்வி. அலையாத்தி அலையின் வேகத்தைக் குறைக்கும். மழைவெள்ளத்தை அது தடுக்காது. அதற்கு வடிகால்தான் வேண்டும். ஆகவே ஆற்றின் போக்கில் கை வைப்பதில்லை, ஏற்கெனவே பொட்டலாகக் கிடக்கும் இடத்தில் மட்டும் வேலை என்று முடிவான பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

அந்தப் பொட்டலுக்குக் காரணம் புயல் மட்டுமில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக வெட்டிய இடங்கள் உண்டு. மரம் போனதும் மண் காய்ந்து, நடுவில் தாழ்ந்து பள்ளமாகிவிட்டது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் உள்ளே வரும் கடல்நீர் திரும்பப் போக வழியில்லாமல் வெயிலில் வற்றி, உப்பு மட்டும் தங்குகிறது. கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் போல உப்பு உண்டு. இது வருஷக்கணக்கில் சேர்ந்தால் உப்பு மண்ணைத் தாங்கும் உமரிச் செடி முளைத்தாலே பெரிது. அதில் கொண்டுபோய்க் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

மருந்து என்ன என்பது மீனவர்களுக்குத் தெரியும். அவர்கள் மீன் பிடிக்க வெட்டிய வாய்க்கால்களின் ஓரத்தில் மட்டும் அலையாத்தி தானாகச் செழித்து நிற்கும். மீன்முள் வாய்க்காலும் அதே கணக்குதான். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால்; அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே போக வேண்டும், வற்றத்தில் முழுசாக வெளியே வர வேண்டும். பிச்சாவரத்திலும் இந்த முறையில்தான் காட்டை மீட்டார்கள்.

இதில் உயிரை வாங்கியது மட்டம் பார்க்கிற வேலை. எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. ஒரு சாண் தப்பினாலும் வாய்க்காலில் தண்ணீர் ஏறாது, அல்லது ஏறியது இறங்காது. முட்டளவு சேற்றில் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அமிழ்ந்துகொண்டே இருப்பார், கருவியில் பார்ப்பவர் அளவு மாறுகிறதே என்று கத்துவார். கடைசியில் கோலுக்கு அடியில் பலகை வைத்தோம்.

வெட்டுவது கோடையில். மேலே அகலமாக, அடியில் குறுகலாக, கரை சரிவாக இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரிந்துவிடும். எடுத்த மண்ணை வரப்பாகக் குவிக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தோம். குவித்தால் அதுவே அணையாகி மழைத்தண்ணீரை மறிக்கும். எல்லாவற்றையும் வாய்க்கால்களுக்கு நடுவே பரப்பினோம். ஆட்களுக்கு இரட்டை வேலை, முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த விவசாயி நேரில் வந்து பார்த்துவிட்டுச் சும்மா போனது இதனால்தான்.

அப்புறம் மழை உப்பைக் கழுவியதும் நடவு. அலையாத்திக் காய் பெரிய மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும். தண்ணீரில் ஊறினால் தோல் கழன்று உள்ளே பச்சை முளை தெரியும். அதைச் சரிவின் நடுவில் ஊன்ற வேண்டும். அடியில் வைத்தால் மூழ்கும், மேலே வைத்தால் காயும்.

பிழைத்ததை ஆடும் எருமையும் மேய்ந்தன. மாடு வைத்திருப்பவர்களிடம் பேசி, கன்று உயரும்வரை அந்தப் பக்கம் ஓட்டாமல் இருக்க வைத்தோம். சண்டை இல்லாமல் நடக்கவில்லை.

இப்போது தலைவலி வண்டல். ஏற்றத்தோடு வரும் சேறு கிளை வாய்க்கால்களின் வாயை அடைக்கிறது. அடைத்தால் பழையபடி உப்புதான். நடவுக்குப் பணம் தர ஆள் இருக்கிறார்கள், திறப்பு விழா மாதிரி படம் வரும். தூர் வாருவதற்குக் கேட்டால் "அதான் முடிஞ்சிருச்சே" என்கிறார்கள். போன கோடையில் மீனவர்களே மண்வெட்டியோடு இறங்கி முக்கியமான வாய்களை மட்டும் திறந்துவிட்டார்கள். அந்த வாய்க்காலில் இறாலும் நண்டும் கிடைப்பதால் அவர்களுக்கும் அதில் வேலை இருக்கிறது. மீதி வாய்களுக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.